வாசகர் கேள்வி – பதில்: வென்ற அணியை விட்டு வீரர்கள் விலகுவது ஏன்?

கேள்வி (நாவாந்துறையிலிருந்து ஒரு வாசகர்): ஐயா, நான் சிறு வயது முதலே இங்கிலாந்தின் லிவர்பூல் உதைபந்தாட்டக் கழகத்தின் இரசிகன். 2025 ஆம் ஆண்டு கழகம் பிரீமியர் லீக் கிண்ணத்தை வென்ற கையோடு, ஆறு வயதிலிருந்து அங்கேயே வளர்ந்த ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னோல்ட், ஒப்பந்தக் காலம் முடிகிறது என்று ரியல் மட்ரிட்டுக்குப் போய்விட்டார். தோற்கிற அணியை விட்டு ஒருவர் போவது விளங்குகிறது. வெல்கிற அணியை விட்டு எதற்காகப் போகவேண்டும்? இது நன்றிகெட்ட செயல் அல்லவா?

பதில்: உங்கள் கோபம் உங்களுக்கு மட்டும் உரியதன்று. 2025 மே மாதத்தில் ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் மாற்று வீரராக மைதானத்தில் இறங்கியபோது, லிவர்பூலின் சொந்த மைதானமான அன்ஃபீல்டில் இருந்த சொந்த இரசிகர்கள் பலரே கூச்சலிட்டு எதிர்ப்பைக் காட்டினார்கள். ஆனால் நன்றி என்ற கோலை வைத்து இதை அளந்தால் எதுவும் விளங்காது. ஒப்பந்தம் முடிகிற நாள் என்பது, ஒரு தொழில்முறை வீரருக்குத் தன் விலையைத் தானே பேசுவதற்கு வாழ்நாளில் இரண்டோ மூன்றோ தடவை மட்டும் வாய்க்கிற சந்தர்ப்பம். அணி வென்றுகொண்டிருக்கும் வேளையில்தான் அந்த விலை உச்சத்தில் நிற்கிறது. ஆகவே, வெற்றி பெற்றும் போகிறார்கள் என்று சொல்வதைக் காட்டிலும், வெற்றி பெற்றதனாலேயே அவர்களால் போகமுடிகிறது என்று சொல்வது பொருந்தும். உயர்தரப் பெறுபேறு வெளியான கிழமையே, நல்ல பெறுபேறு காட்டிய ஆசிரியரைத் தேடி அடுத்த தனியார் கல்வி நிலையத்தார் வீட்டு வாசலுக்கு வருவதை நாம் யாழ்ப்பாணத்தில் பார்க்காதவர்களா?

இந்தச் சந்தர்ப்பம் எப்போதும் இருந்ததன்று. பெல்ஜியத்தின் லியேஜ் கழகத்துக்காக ஆடிய ஜோன் மார்க் பொஸ்மன் என்பவரின் ஒப்பந்தம் 1990 இல் முடிவடைந்தது. புதிய ஒப்பந்தத்தில் கழகம் அவருடைய சம்பளத்தை முன்பிருந்ததில் கால்பங்காகக் குறைத்தது. அவர் அதை மறுத்துப் பிரான்சின் டன்கேர்க் கழகத்துக்குப் போக முயன்றார். ஒப்பந்தமே இல்லாத வீரரை விட்டுக்கொடுப்பதற்கும் பழைய கழகம் புதிய கழகத்திடம் மாற்றுத் தொகை கேட்கலாம் என்பது அக்கால விதி. அந்தச் சிக்கலில் அவர் எங்கும் போகமுடியாமல் நின்றார். அவர் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்த வீரருக்காக ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மாற்றுத் தொகை கேட்கக்கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 ஆம் திகதி தீர்ப்பளித்தது. அதற்குள் பொஸ்மனின் ஆட்டக்காலம் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. பயனை அனுபவித்தவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்களே.

தீர்ப்பின் சூடு முதலில் சுட்டது ஒரு வென்ற அணியைத்தான். நெதர்லாந்தின் அயக்ஸ் கழகம், பெரும்பாலும் தானே வளர்த்தெடுத்த இளைஞர்களைக் கொண்டு, 1995 மே மாதத்தில், ஐரோப்பியக் கழகங்களுக்கிடையிலான முதன்மைப் போட்டியான சம்பியன்ஸ் லீக்கின் இறுதியில் இத்தாலியின் மிலானை 1-0 என்று வென்றது. அந்த ஒரு கோலை அடித்த பட்ரிக் க்ளைவர்ட்டுக்கு அப்போது வயது 18. அடுத்த ஆண்டும் அயக்ஸ் இறுதிக்கு வந்தது. ஆனால் 1996 இல் எட்கர் டேவிட்ஸும் மைக்கல் றைசிகரும், 1997 இல் க்ளைவர்ட்டும் வின்ஸ்டன் போகார்டும் ஒப்பந்தம் முடிந்து வெளியேறினார்கள். நால்வரும் போய்ச் சேர்ந்த இடம், அவர்கள் தோற்கடித்த அதே மிலான். வளர்த்துவிட்ட கழகத்துக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. அயக்ஸ் அதன் பின்னர் இன்றுவரை அந்த இறுதியாட்டத்துக்குத் திரும்பவில்லை.

பணக்கணக்கு இங்கேதான் மாறுகிறது. ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு வீரரை வாங்க, புதிய கழகம் பழைய கழகத்துக்குப் பல மில்லியன் யூரோ கொடுக்கவேண்டும். அதில் வீரரின் கைக்கு வருவது சிறு பங்கு. ஒப்பந்தம் முடிந்தவருக்கு அந்தச் செலவு இல்லாதபடியால், மிச்சப்படுகிற பணத்தின் ஒரு பகுதியைக் கையொப்பத் தொகையாகவும் கூடிய சம்பளமாகவும் அவரே கேட்டுப் பெறுகிறார். பழைய கழகமோ, வென்ற அணியின் பதினொருவருக்கும் ஒரே நேரத்தில் சம்பள உயர்வு கொடுக்க இயலாத நிலையில் இருக்கிறது. கிண்ணம் வென்றவுடன் மாற்று வீரர்கள்கூடத் தாம் முன்பு பெற்றதைவிடப் பெறுமதியானவர்கள் ஆகிவிடுகிறார்கள் அல்லவா!

பணம் மட்டுமே காரணம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இல்கே குண்டோவானைப் பாருங்கள். 2023 இல் மன்செஸ்டர் சிட்டி ஒரே பருவத்தில் பிரீமியர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், சம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றபோது அணித்தலைவர் அவரே. எஃப்.ஏ. கிண்ண இறுதியில் ஆட்டம் தொடங்கி 13 விநாடிகள் நிறையுமுன் முதல் கோலை அடித்தவரும், இரண்டாவது கோலை அடித்து வெற்றியை உறுதிசெய்தவரும் அவரே. அந்தக் கோடையிலேயே பார்சிலோனாவுக்குப் போனார். அவருக்கு அப்போது 32 வயது. பார்சிலோனா இரண்டு ஆண்டு ஒப்பந்தமும், மூன்றாவது ஆண்டுக்கு நீட்டிக்கும் வாய்ப்பும் கொடுத்தது. முப்பதைக் கடந்த வீரருக்குக் கழகங்கள் நீண்ட ஒப்பந்தம் கொடுக்கத் தயங்கும். முழங்கால் ஒருமுறை மடங்கினால் எல்லாம் முடிந்துவிடுகிற தொழிலில், ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைப்பதைச் சிறிய விடயமென்று நான் சொல்லமாட்டேன்.

உங்கள் அலெக்சாண்டர்-ஆர்னோல்டோ லிவர்பூலில் 2019 இல் சம்பியன்ஸ் லீக்கையும், 2020 இலும் 2025 இலும் பிரீமியர் லீக் கிண்ணத்தையும், 2022 இல் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றுவிட்டவர். அங்கே அவர் வெல்வதற்கு மீதமிருந்தது சொற்பம். ஒருவர் எல்லாவற்றையும் வென்ற இடத்திலிருந்து புதிய இடத்தைத் தேடுவதை நன்றியின்மை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஒப்பந்தக் காலத்தின் நடுவில், தமக்கு வேண்டாமென்றவுடன் வீரர்களைச் சந்தைக்கு அனுப்பும் கழகங்களை எந்த இரசிகரும் நன்றிகெட்டவை என்று கூச்சலிடுவதில்லையே.

கேள்வி (கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி): ரொறன்ரோவில் இருக்கும் என் மகன் அமெரிக்க உதைபந்தாட்டத்தை விரும்பிப் பார்ப்பவன். அங்கே ஒவ்வோர் ஆண்டும் சம்பியனான அணியின் வீரர்கள் அடுத்த மாதமே சிதறிப்போகிறார்கள் என்று தொலைபேசியில் சொன்னான். அணி முதலாளிகளிடம் பணத்துக்கா பஞ்சம்?

பதில்: பணம் தாராளமாக இருக்கிறது, அம்மா, செலவழிக்க அனுமதி இல்லை. பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க உதைபந்தாட்டத்தின் முதன்மைத் தொடரான என்.எஃப்.எல். போட்டியில் வீரர்கள் ஒப்பந்தம் முடிந்தபின் சுதந்திரமாக அணி மாறும் முறை 1993 இல் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே, அணி ஒவ்வொன்றும் வீரர்களின் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு விதித்தார்கள். 1994 இல் 34.6 மில்லியன் டொலராக இருந்த அந்த வரம்பு, 2025 இல் 279.2 மில்லியன் டொலர். 32 அணிகளுக்கும் ஒரே வரம்பு. அந்தத் தொகைக்குள் 53 பேர் கொண்ட அணியை நிரப்பவேண்டும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் முதன்மை வீரர் ஒருவரே ஆண்டுக்கு 50 மில்லியன் டொலருக்கு மேல் பெறும் காலம் இது. கையொப்பத் தொகையைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பிக் கணக்குக் காட்டுவது போன்ற வழிகள் உண்டு. அவை கடனைத் தள்ளிப்போடுமே தவிர தீர்க்கமாட்டா.

அண்மைய உதாரணம் உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். 2025 பெப்ரவரியில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி, கன்சாஸ் சிட்டி அணியை 40-22 என்று வென்று சம்பியனானது. அன்றைய ஆட்டத்தில் எதிரணியின் நட்சத்திரமான பட்ரிக் மஹோம்ஸை மீண்டும் மீண்டும் நிலத்தில் வீழ்த்தி நிலைகுலையச் செய்தவர்களில் ஜோஷ் ஸ்வெட், மில்டன் வில்லியம்ஸ் இருவரும் முன்னணியில் இருந்தார்கள். அடுத்த மாதமே இருவரும் அணியில் இல்லை. ஸ்வெட் அரிசோனாவுக்குப் போனார். வில்லியம்ஸை, முந்திய பருவத்தில் 17 ஆட்டங்களில் நான்கை மட்டும் வென்றிருந்த நியூ இங்கிலாந்து அணி, நான்கு ஆண்டுகளுக்கு 104 மில்லியன் டொலர் பேசி அழைத்துக்கொண்டது.

வில்லியம்ஸின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். புதிதாக வரும் வீரர் தனக்கு விருப்பமான அணியைத் தெரிவு செய்ய முடியாது. அணிகள் முறைவைத்து அவரைத் தெரிவு செய்கின்றன. முதல் நான்கு ஆண்டுச் சம்பளமும் ஏறத்தாழ விதிப்படி அமைந்தது. அவர் 2021 இல் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்டவர் என்பதால், பேரம்பேசும் உரிமை முதன்முதலில் கிடைத்ததே 2025 இல்தான். அந்த ஆட்டத்தில் உடல் அடிபடும் வேகம் அதிகம். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை முழுவதும் உறுதியானதும் அன்று, அணி விரும்பினால் இடையில் விலக்கிவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் இன்னொரு கிண்ணத்துக்காகக் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிப்பவரை நான் மெச்சுவேன். சம்மதிக்காதவரைக் குறைசொல்ல மாட்டேன். பிலடெல்பியாவும் அழுதுகொண்டு அனுப்பவில்லை. இன்னும் மலிவான முதல் ஒப்பந்தத்தில் இருந்த இளையவர்களுக்கு நாளை கொடுக்கவேண்டிய பணத்தை அது இன்றே ஒதுக்கவேண்டியிருந்தது. இவ்வாறு வீரர்களை இழக்கும் அணிகளுக்கு, அடுத்த ஆண்டுப் புதுமுகத் தெரிவில் இழப்பை ஈடுசெய்யும் மேலதிகத் தெரிவுகள் கொடுக்கும் ஏற்பாடும் அங்கு உண்டு.

கேள்வி (சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகர்): அப்படிப் போனவர்கள் நன்றாக இருந்தார்களா?

பதில்: இரண்டும் நடந்திருக்கிறது. நியூ இங்கிலாந்து அணியில் ஆறு தடவை சம்பியனான டொம் பிரேடி 2020 இல் டம்பா பே அணிக்குப் போய், முதல் பருவத்திலேயே, 43 வயதில் ஏழாவது தடவையாகச் சம்பியனானார். பிரான்சின் பரிஸ் சென் ஜேர்மன் கழகத்தை விட்டு 2024 இல் ரியல் மட்ரிட்டுக்குப் போன கிலியன் எம்பாப்பேயின் கதை வேறு. சிறு வயது முதல் விரும்பிய கழகத்தில் அவர் கோல்களைக் குவித்தார். ஆனால் அவர் இருந்தவரை சம்பியன்ஸ் லீக்கைக் காணாத பரிஸ் கழகம், அவர் போன மறு ஆண்டே இறுதியாட்டத்தில் இன்டர் மிலானை 5-0 என்று நசுக்கிக் கிண்ணத்தைத் தூக்கியது.

மிகவும் பரிதாபமானது ப்ரொக் ஒஸ்வைலரின் அனுபவம். 2016 இல் சம்பியனான டென்வர் அணியில், பந்தெறியும் மூத்த முதன்மை வீரரான பெய்ட்டன் மனிங் ஓய்வுபெற்றதும் அந்த இடம் இவருக்கே என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அவர் ஹியூஸ்டன் அணியின் 72 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டார். ஓராண்டில் ஹியூஸ்டன் அவரைக் கைகழுவியது, அதுவும் அவரை ஏற்றுக்கொள்ளும் கிளீவ்லண்ட் அணிக்குப் புதுமுக வீரரைத் தெரிவு செய்யும் உரிமை ஒன்றையும் மேலதிகமாகக் கொடுத்து. கிளீவ்லண்டும் பருவத்துக்குரிய ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் விலக்கியது. 2017 செப்டெம்பரில் அவர் திரும்பவும் டென்வருக்கே வந்துசேர்ந்தார். மேலே சொன்ன குண்டோவானும் ஓர் ஆண்டில் மன்செஸ்டருக்குத் திரும்பியவர்தான்.

கேள்வி (இளவாலையிலிருந்து ஒரு மாணவர்): ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே வேறு கழகத்துடன் கையொப்பமிடுவது களவு இல்லையா, ஐயா?

பதில்: இல்லை, தம்பி. ஒப்பந்தம் முடிவதற்கு ஆறு மாதங்களோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது வீரர் வேறு கழகத்துடன் ஒப்பந்தம் செய்யலாம் என்பது ஃபீஃபாவின் விதி. ஜேர்மனியின் டோட்மண்ட் கழகத்துக்காக ஆடிய ரொபேர்ட் லெவன்டொவ்ஸ்கி 2014 ஜனவரியில், போட்டிக் கழகமான பயேர்னுடன் கையொப்பமிட்டதை அந்த மாதமே பகிரங்கமாக அறிவித்தார்கள். மீதிப் பருவத்தை அவர் டோட்மண்டுக்கே ஆடி, அந்த ஆண்டு ஜேர்மன் லீக்கில் 20 கோல்களுடன் முதலிடம் பெற்றார். டோட்மண்ட் சீருடையில் அவருடைய கடைசி ஆட்டம் ஜேர்மன் கிண்ண இறுதி, எதிரணி பயேர்ன். மேலதிக நேரத்தில் பயேர்ன் 2-0 என்று வென்றது.