வாசகர் கேள்வி–பதில்: ஸ்டாம்ப் பதித்து நீர்வண்ணம் தீட்டும் வாழ்த்து அட்டைகள்

கையால் செய்யும் வாழ்த்து அட்டைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம். கேள்விகள் பலவாக இருந்தாலும், மையும் தாளும் நீரோடு எப்படிப் பழகுகின்றன என்பதையே அவற்றில் பெரும்பாலானவை சுற்றி வருகின்றன.

கேள்வி: பூங்கொத்து உருவமுள்ள ஸ்டாம்பைக் கறுப்பு மையில் பதித்து, அதனுள் நீர்வண்ணம் தீட்டுகிறேன். மை காய்ந்த பிறகுதான் தீட்டத் தொடங்குகிறேன். இருந்தும் தூரிகை பட்டவுடன் கோடுகள் கரைந்து, இதழ்கள் சாம்பல் நிறமாகிவிடுகின்றன. ஏன்?

பதில்: மை காய்வது வேறு, நீரைத் தாங்குவது வேறு. சாதாரண ஸ்டாம்ப் பேடுகள் பலவற்றில் இருப்பது சாய மை. சாயம் நீரில் கரைந்த நிலையிலேயே தாளின் இழைகளுக்குள் இறங்குகிறது. நீர் ஆவியானதும் அங்கே தங்குகிறது. மறுபடி ஈரம் பட்டால் மறுபடியும் கரைந்து வெளியே வருகிறது. அதை எத்தனை நாள் காயவைத்தாலும் இந்த இயல்பு மாறாது. ஆகவே உங்கள் பொறுமையில் குறையில்லை. மையைத்தான் மாற்ற வேண்டும்.

நிறமி மையில் வண்ணம் கரைந்திருப்பதில்லை; நுண்துகள்களாக மிதக்கிறது. அத்துகள்கள் தாளின் மேற்பரப்பில் படிந்து, பிணைப்புப் பொருள் இறுகியதும் நிலைபெறுகின்றன. இது மெதுவாகக் காயும் என்பதால், பதித்த உடனே கை பட்டால் இழுபட்டுவிடும். சூடான காற்றை வீசும் ஹீட் கன் என்ற கருவியால் சிறிது நேரம் சூடு காட்டினால் விரைவில் இறுகும். சாய மைகளிலும் காய்ந்தபின் நீரைத் தாங்குமாறு செய்யப்பட்டவை உண்டு. எனவே பேடின் மேல் ‘வாட்டர்புரூஃப்’ என்று குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதன் பிறகும் உறையிலுள்ள சொல்லை முழுமையாக நம்பிவிடாமல், அட்டைக்குப் பயன்படுத்தப்போகும் அதே தாளின் துண்டொன்றில் பதித்து, காயவிட்டு, ஈரத் தூரிகையால் நான்கைந்து முறை தேய்த்துப் பாருங்கள். ஒரு தாளில் நிலைத்து நிற்கும் மை மற்றொன்றில் கசியக்கூடும் என்பதால், இந்தச் சோதனையைத் தாள் மாறும்போதெல்லாம் செய்வது நல்லது. கரைப்பான் கலந்த மைகளும் நீரைத் தாங்கும். ஆனால் கண்ணாடி போன்ற போட்டோபாலிமர் ஸ்டாம்புகளை அவை நாளடைவில் கெடுத்துவிடக்கூடும். அத்தகைய மைகளை ரப்பர் ஸ்டாம்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்போசிங் என்ற வழியும் இருக்கிறது. நான் மிகவும் விரும்புவது அதைத்தான். ஒட்டும் தன்மையுள்ள நிறமற்ற மையில் ஸ்டாம்பைப் பதித்து, ஈரம் காயுமுன் எம்போசிங் பவுடரைத் தூவி, மிகுதியைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னைச் சில அங்குலத் தொலைவில் பிடித்துச் சூடு காட்டினால், பவுடர் உருகிப் பளபளப்பான மேட்டுக் கோடாக மாறும். அந்தக் கோடு நீரைத் தாங்குவதோடு, இதழுக்குள் விட்ட வண்ணம் அடுத்த இதழுக்குப் பாயாமல் வரப்புப் போலத் தடுத்தும் வைக்கிறது. தூரிகையைப் புதிதாகப் பிடிப்பவர்களுக்கு இது பெரிய துணை. தலைமுடி உலர்த்தும் கருவி இதற்கு உதவாது. அதன் காற்று பவுடரைப் பறக்கடித்துவிடும், சூடும் போதாது. தாளில் சிறிதளவு ஈரமோ கைப்பிசுக்கோ இருந்தாலும் பவுடர் அங்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையிலிருக்கும் கரையும் மைகளையும் எறிந்துவிட வேண்டாம். பேடை ஒரு பிளாஸ்டிக் தாளின் மேல் தேய்த்து, அதில் ஈரத் தூரிகையைத் தொட்டால் அதுவே நீர்வண்ணமாகப் பயன்படும். வெளிர் நிறக் கரையும் மையில் உருவத்தைப் பதித்து, அந்தக் கோடுகளையே ஈரத் தூரிகையால் உட்புறமாக இழுத்துக் கரைத்துவிட்டால், கோடே தெரியாத, முழுக்க முழுக்க வரைந்தது போன்ற பூ கிடைக்கும்.

கேள்வி: வண்ணம் தீட்டியபின் அட்டை வளைந்து, மேடும் பள்ளமுமாகிவிடுகிறது. சில வேளைகளில் தாளின் மேற்பரப்பே திரித்திரியாக உரிகிறது. எந்தத் தாளை வாங்குவது?

பதில்: உரிவதற்கும் வளைவதற்கும் காரணங்கள் வேறு வேறு. கைவினைக்கு விற்கப்படும் சாதாரண வழவழப்பான அட்டை ஈரத்துக்காகச் செய்யப்பட்டதன்று. தூரிகை இரண்டாம் முறை போகும்போதே அதன் இழைகள் கிளம்பிவிடும். நீர்வண்ணத் தாளுக்கு ஜெலட்டின் போன்ற ஒரு பொருளால் பதம் கொடுத்திருப்பார்கள். அந்தப் பதம் நீரைச் சிறிது நேரம் மேற்பரப்பிலேயே நிறுத்திவைப்பதால்தான் வண்ணத்தைப் பரப்பவும், ஒற்றி எடுக்கவும் நமக்கு அவகாசம் கிடைக்கிறது. எனவே 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள நீர்வண்ணத் தாளையே வாங்குங்கள். பருத்தி இழையால் செய்த தாள் பலமுறை நனைந்தாலும் தாங்கும். மரக்கூழ்த் தாள் பயிற்சிக்கும், ஒரே பூச்சில் முடியும் அட்டைகளுக்கும் போதும்.

ஸ்டாம்ப் பதிப்பவர்கள் தாளின் பரப்பையும் கவனிக்க வேண்டும். கோல்டு பிரஸ் தாளில் சிறு சொரசொரப்பு இருக்கும். வண்ணம் அதில் அழகாகத் தங்கும், ஆனால் நுண்ணிய கோடுகள் விட்டுவிட்டுப் பதியும். ஹாட் பிரஸ் தாள் வழவழப்பானது. கோடுகள் தெளிவாக விழும், ஆனால் வண்ணம் வழுக்கிக்கொண்டு ஓடும். நீரைக் குறைத்துத் தீட்ட வேண்டும். தடித்த கோடுள்ள ஸ்டாம்பு என்றால் கோல்டு பிரஸ், எழுத்துகளும் மெல்லிய கோடுகளும் நிறைந்தது என்றால் ஹாட் பிரஸ் என்று கொள்ளலாம். ரஃப் எனப்படும் மிகச் சொரசொரப்பான வகையை ஸ்டாம்புக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

வளைவைப் பொறுத்தவரை, நனைந்த இழைகள் உப்பிப் பரப்பில் விரிவதும், ஈரமான இடம் விரிய உலர்ந்த இடம் விரியாமல் இருப்பதுமே காரணம். தாளின் நான்கு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் ஒரு பலகையில் ஒட்டி, தீட்டி முடித்து, முழுவதும் காய்ந்தபின் டேப்பை எடுங்கள். பிறகும் வளைவு தெரிந்தால், பின்புறத்தை மட்டும் மிக மெலிதாக ஈரப்படுத்தி, இரண்டு சுத்தமான தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களின் கீழ் ஓரிரவு விட்டால் சமமாகிவிடும்.

அதைவிட முக்கியமாக, மடித்த அட்டையின் மேலேயே வண்ணம் தீட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. நீர்வண்ணத் தாளில் தனியாகத் தீட்டி, நான்கு பக்கமும் அரை சென்டிமீட்டர் குறையும்படி வெட்டி, மடித்த அட்டையின் மேல் இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். படம் கெட்டால் துண்டுத் தாள்தான் வீணாகும், அட்டை பிழைத்துக்கொள்ளும். திரவப் பசையால் ஒட்டினால், அந்தப் பசையின் ஈரமே மறுபடியும் வளைவைக் கொண்டுவந்துவிடும்.

கேள்வி: புதிதாக வாங்கிய, கண்ணாடி போன்ற போட்டோபாலிமர் ஸ்டாம்பில் மை திட்டுத்திட்டாக நிற்கிறது. ஸ்டாம்பில் குறையா?

பதில்: பெரும்பாலும் குறை இருக்காது. தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் மையை ஏற்க மறுக்கிறது. பென்சில் அழிப்பானால் அதன் முகத்தை மென்மையாகத் தேய்த்து, துடைத்துவிட்டுப் பதித்துப் பாருங்கள். தாளுக்கடியில் மெத்தென்ற ஃபோம் விரிப்பை வைத்து, ஸ்டாம்பை ஆட்டாமல் நேராக அழுத்தி, நேராகவே தூக்குங்கள். சொரசொரப்பான தாளில் பதிப்பவர்களுக்கு ஸ்டாம்பிங் பிளாட்ஃபார்ம் என்னும் கருவி மிகவும் பயன்படும். அது ஸ்டாம்பை ஒரே இடத்தில் பிடித்துக்கொள்வதால், விட்டுப்போன கோடுகளின் மேல் மறுபடியும் மை தொட்டு அச்சு விலகாமல் பதிக்கலாம். வேலை முடிந்தபின் ஸ்டாம்பைக் கழுவி, நேரடி வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெயிலில் போட்டோபாலிமர் மஞ்சளாகி இறுகிவிடும்.

கேள்வி: என் வண்ணங்கள் சேறு போலாகிவிடுகின்றன. மேலும், காய்ந்த பிறகு பூக்கோசு வடிவில் கறைகள் தோன்றுகின்றன. இரண்டையும் எப்படித் தவிர்ப்பது?

பதில்: சேறாவதற்கு முதற்காரணம், ஒரே இடத்தில் மிகுதியான நிறமிகள் சேர்வதுதான். வண்ணக் குழாயின் மேல் நிறமியின் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, அல்ட்ராமரைன் நீலத்துக்கு பி.பி. 29. ஒரு குழாயிலேயே மூன்று குறியீடுகள் இருந்தால், நீங்கள் இரண்டு வண்ணங்களைக் கலப்பதாக எண்ணிக்கொண்டு உண்மையில் ஐந்தாறு நிறமிகளைக் கலக்கிறீர்கள். ஒற்றை நிறமி வண்ணங்கள் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றை இரண்டிரண்டாகக் கலந்து பழகுங்கள். சிவப்பும் பச்சையும் போன்ற எதிர் நிறங்கள் ஈரமாக இருக்கும்போது ஒன்றையொன்று தொட்டால் பழுப்பாகிவிடும். ஆகவே பூவைத் தீட்டிக் காயவிட்டபின் இலைக்குச் செல்லுங்கள். அல்லது அடுத்தடுத்த இதழ்களை விட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தீட்டுங்கள். தூரிகையை அலச ஒரு கிண்ணமும், வண்ணத்தில் சேர்க்கச் சுத்தமான நீருக்கு மற்றொன்றும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பூக்கோசுக் கறை வேறு கதை. பாதி காய்ந்த பூச்சின் மேல் அதைவிட ஈரமான தூரிகை பட்டால், புதிய நீர் பரவிக்கொண்டே நிறமியைத் தன் விளிம்புக்குத் தள்ளுகிறது. அந்த விளிம்பே கறையாகக் காய்கிறது. பூச்சின் ஈரப் பளபளப்பு மங்கத் தொடங்கிவிட்டால் அதைத் தொடாமலிருப்பதே சிறந்தது. ஓரத்தில் நீர் திரண்டு நின்றால், பிழிந்த தூரிகையின் நுனியால் உறிஞ்சி எடுங்கள். ஸ்டாம்பின் சிறிய இடங்களுக்கு, நிழல் விழும் மூலையில் அடர்ந்த வண்ணத்தை வைத்து, சுத்தமான ஈரத் தூரிகையால் அதை வெளிச்சமான பக்கம் இழுத்துக்கொண்டு செல்லுங்கள். ஒரே வண்ணத்தில் அடர்வும் வெளிர்வும் கிடைத்துவிடும். நன்கு கூர்மையான நுனியுள்ள 4 அல்லது 6 எண் வட்டத் தூரிகை இதற்குப் போதும். நீர்வண்ணம் காய்ந்ததும் வெளிறும் என்பதால், வேண்டிய அளவைவிடச் சற்று அடர்த்தியாகவே தீட்டுங்கள்.

கேள்வி: என் மாணவர்கள் அழிப்பானில் ஸ்டாம்ப் செதுக்க ஆசைப்படுகிறார்கள். எழுத்துகள் தலைகீழாக வராமலிருக்க என்ன செய்வது?

பதில்: மெல்லிய தாளில் மென்மையான பென்சிலால் எழுத்தை நேராகவே அழுத்தி வரையச் சொல்லுங்கள். அந்தத் தாளைக் கவிழ்த்து அழிப்பானின் மேல் வைத்து நகத்தால் தேய்த்தால், எழுத்து இடவலம் மாறி அழிப்பானில் இறங்கும். அதைச் செதுக்கிப் பதித்தால் தாளில் நேராக விழும். வி வடிவ உளியால், கோட்டைவிட்டு வெளிப்புறமாகச் சரியும்படி வெட்ட வேண்டும். நேர்க்குத்தாகவோ உட்புறமாகவோ வெட்டினால் கோட்டின் அடி மெலிந்து ஒடிந்துவிடும். வளைவுகளில் உளியைத் திருப்பாமல் அழிப்பானைத் திருப்பினால் வெட்டு சீராக இருக்கும். பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும்; பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு ஃபோம் தாளைக் கத்தரித்துக் கட்டையில் ஒட்டிக்கொடுத்தாலே போதும். வினைல் அழிப்பானைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தால் சில பிளாஸ்டிக்குகளோடு ஒட்டி உருகிவிடும். செதுக்கியவற்றைத் தாளில் சுற்றி வையுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய ஸ்டாம்பைப் பதித்து வண்ணம் தீட்டினால், அதைக் கைவேலை என்று சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். 1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி, ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு உருவாக்கிய அட்டையே வணிகத்துக்காக அச்சான முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று கருதப்படுகிறது. அதன் கோடுகள் கல்லச்சில் பதிக்கப்பட்டன. வண்ணம் கையால் தீட்டப்பட்டது. நீங்கள் செய்வதும் அதே முறைதான். எந்த இதழை வெளிறவிடுவது, எங்கே தாளின் வெண்மையை அப்படியே விடுவது என்பதை உங்கள் கண்ணும் கையும் முடிவுசெய்கின்றன.

கேள்வி: அட்டையை எந்த அளவில் வெட்டினால் உறை எளிதில் கிடைக்கும்?

பதில்: ஏ4 தாளை இரண்டாக வெட்டினால் ஏ5 அளவில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். அவற்றில் ஒன்றை நடுவே மடித்தால் 105 × 148 மில்லிமீட்டர் அளவுள்ள ஏ6 அட்டை வரும். அதற்கு 114 × 162 மில்லிமீட்டர் அளவுள்ள சி6 உறை பொருந்தும். மடிப்புக் கோட்டை முனை மழுங்கிய கருவியால் முதலில் கீறிக்கொண்டு, கூடியவரை தாளின் இழை ஓடும் திசையிலேயே மடியுங்கள். இல்லையெனில் மடிப்பு வெடிக்கும். மேட்டுக் கோடுள்ள எம்போசிங் அட்டைகளுக்கு உறைக்குள் ஒரு மெல்லிய தாளையும் சேர்த்து வையுங்கள். உறையிலிடும் முன், தீட்டிய பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக உணர்ந்தால் தாளுக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள், அன்று உறையிலிட வேண்டாம்.