200 மெகாபிட் பிளான், மாடியில் 35 தான்

கேள்வி: வீட்டில் 200 மெகாபிட் ஃபைபர் இணைப்பு. மாடி அறையில் செல்போனில் சோதித்தால் 35-ஐத் தாண்டுவதில்லை. வயர் இல்லாத 5ஜி இணைப்புக்கு மாறிவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். லேப்டாப்பை லேன் கேபிளால் மோடத்தில் நேராக இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு வேகத்தைப் பாருங்கள். 180-க்கு மேல் வந்தால் இணைப்பில் குறையில்லை; குறை வைஃபையில். போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசையைப் பிடித்திருக்கும். அது சுவர் தாண்டி வரும். ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அங்கேயே நெருக்கியடிப்பதால் வேகம் ஏறாது. வைஃபையின் இன்னோர் அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் (5ஜி அல்ல) வேகமானது, ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டும்போது துவண்டுவிடும். மாடிவரை கேட் 6 ரக லேன் கேபிள் இழுத்து அங்கே ஓர் ஆக்ஸஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் பெட்டி) வையுங்கள். நிலையான தீர்வு அதுதான். ரிப்பீட்டர் (வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் கருவி) மலிவுதான், ஆனால் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் நடந்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

சோதனை 94, 95-லேயே நின்றால் வேறு காரணம். மோடத்தின் லேன் போர்ட் 100 மெகாபிட் வகையாக இருக்கும், அல்லது கேபிளின் எட்டுக் கம்பிகளில் நான்குதான் சரியாகச் சேர்ந்திருக்கும். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். அதற்கும் கீழே இறங்கி, அடிக்கடி துண்டிக்கவும் செய்தால், ஃபைபர் வயர் எங்காவது மடங்கியிருக்கிறதா பாருங்கள். கதவிடுக்கில் நசுங்கினாலே ஒளி கசியும். மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (மோடத்துக்கு வந்துசேரும் ஒளியின் அளவு) குறைந்து -27 டிபிஎம்மை நெருங்கினால் லைன்மேனைக் கூப்பிட வேண்டியதுதான்.

5ஜி இணைப்பு, ஃபைபர் எட்டாத தெருவுக்கும் அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கும் நல்லது. டவரை ஊரே பங்கிட்டுக்கொள்வதால் இரவு எட்டு மணிக்கு மேல் வேகம் சரியலாம், அப்லோடும் குறைவு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு ஃபைபரே என் பரிந்துரை.

கேள்வி: 100 மெகாபிட் பிளானில் டவுன்லோட் 12-க்கு மேல் காட்டுவதில்லையே, ஏமாற்றுகிறார்களா?
- வாசகர், தேனி

பதில்: இல்லை. பிளான் மெகாபிட்டில், டவுன்லோட் மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. ஒரு ஜிகாபைட் ஃபைல் இறங்க ஏறக்குறைய ஒன்றரை நிமிடம்.

கேள்வி: கிராமத்து வீட்டில் பழைய லேண்ட்லைன் காப்பர் வயரில்தான் இணையம். வேகத்தைக் கூட்ட வழியுண்டா?
- வாசகர், சிவகங்கை

பதில்: பெரிதாக இல்லை. காப்பர் வயரில் இணையம் தரும் ஏடிஎஸ்எல் 2 பிளஸ் முறையின் உச்சமே 24 மெகாபிட்; அதுவும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அருகில்தான். தூரம் கூடக் கூட வேகம் சரியும். உள்ளூர் கேபிள்காரர் ஃபைபர் தருகிறாரா என்று விசாரியுங்கள்.