விலை குறைந்த வயர்லெஸ் சைக்கிள் மீட்டர்: கேள்வி பதில்

வேகமும் தூரமும் காட்டும் மலிவு விலை வயர்லெஸ் மீட்டர் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். நான் பல வருடமாக இதைத்தான் மாட்டி ஓட்டுகிறேன். ஜிபிஎஸ் மீட்டர் வாங்க அவ்வப்போது ஆசை வரும், விலையைப் பார்த்ததும் போய்விடும்.

சார், எல்லாம் மாட்டிவிட்டேன். சக்கரம் சுற்றினாலும் வேகம் பூஜ்யத்திலேயே நிற்கிறது. பீஸ் பழுதா?

பெரும்பாலும் இல்லை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் கட்டும் சென்சாருக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்ளும். ஸ்போக்ஸில் மாட்டிய காந்தம் சென்சாரில் உள்ள கோட்டுக்கு நேராக, சுமார் 5 மில்லிமீட்டருக்குள் கடந்து போக வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். அப்போதும் அசையவில்லையென்றால் சென்சாருக்கும் மீட்டருக்கும் உள்ள தூரத்தை அளந்துவிடுங்கள். 60 செ.மீ. தாண்டினால் பல மாடல்களில் சிக்னல் எட்டாது. சென்சாரை ஃபோர்க்கில் மேலே ஏற்றி, காந்தத்தையும் அதே உயரத்துக்கு நகர்த்தினால் சரியாகிவிடும்.

அண்ணே, நண்பனும் நானும் ஒரே ரோட்டில் போய் வந்தோம். ஒரே மாடல் மீட்டர்தான். அவனுக்கு 40 கி.மீ., எனக்கு 42. அவன் டயர் 700x32, என்னுடையது 26x1.95.

தம்பி, அவனுடைய டயர் சுற்றளவு எண்ணையே உங்கள் மீட்டரிலும் போட்டிருப்பீர்கள். இந்த மீட்டருக்கு ரோடும் தெரியாது, ஊரும் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, நாம் கொடுத்த சுற்றளவால் பெருக்கும். 700x32 டயருக்குச் சுற்றளவு சுமார் 2155 மி.மீ., உங்கள் டயருக்கு 2050. வித்தியாசம் 5 சதவீதம். அந்த 2 கி.மீ. வந்த வழி அதுதான்.

மீட்டரோடு வரும் அட்டவணை எண்ணைவிட நீங்களே அளப்பது நல்லது. வழக்கமாக அடிக்கும் அளவு காற்றடித்து, வால்வைத் தரைக்கு நேராக வைத்து, அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடி ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நேராக உருட்டுங்கள். வால்வு ஐந்தாவது முறை கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. இடைவெளியை ஐந்தால் வகுங்கள். உட்காராமல் தள்ளிக்கொண்டு போய் அளந்தால் எண் சற்றுக் கூடும், ஏனென்றால் நம் எடையில்தான் டயர் அமுங்குகிறது. அப்படியே கி.மீ.யா மைலா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரு மாதம் மைலில் ஓட்டிவிட்டு, கால் வலுவிழந்துவிட்டது என்று கவலைப்பட்டவன் நான்.

இரவில் முன் லைட்டைப் போட்டால், நின்றுகொண்டிருக்கும்போதே வேகம் 60 காட்டுகிறது!

லைட்டின் வேலை. சில எல்இடி லைட்டுகளின் உள் சர்க்யூட் கிளப்பும் மின் இரைச்சலை மீட்டர் சென்சாரின் சிக்னல் என்று நினைத்துக்கொள்கிறது. லைட்டை ஹேண்டில்பாரின் ஓரத்துக்குத் தள்ளுங்கள். உயரழுத்த மின்கம்பிக்குக் கீழே போகும்போதும், இதே மாதிரி மீட்டர் மாட்டிய நண்பர் ஒட்டி வரும்போதும் இந்தக் கூத்து நடக்கும். தன் சென்சாரின் சிக்னலை மட்டும் அடையாளம் காணும் ரகசியக் குறியீடு (code) இல்லாத பழைய வகை மீட்டர்களில்தான் இது அதிகம்.

முதல் முறையாக 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சவாரி) போகிறேன். மீட்டரில் சராசரி 20 இருந்தால் போதுமா?

போதும், ஆனால் அந்த எண்ணை நம்பி டீக்கடையில் உட்கார்ந்துவிடாதீர்கள். நீங்கள் நின்றால் மீட்டரும் சராசரிக் கணக்கை நிறுத்திவிடும். பிரெவே கடிகாரம் நிற்காது, மொத்தம் 13 மணி 30 நிமிடம்தான். 20-ல் ஓட்டினால் 10 மணி நேரம் சவாரிக்கே போகும். சாப்பாடு, பஞ்சர், கண்ட்ரோல் எனும் சோதனை இடங்களில் கார்டு காட்டுவது எல்லாம் மீதி மூன்றரை மணிக்குள் முடிய வேண்டும்.

மீட்டர் காட்டும் கலோரிக் கணக்கு சரியாக இருக்குமா சார்?

காற்று எதிரே அடிக்கிறதா, மேடு ஏறுகிறீர்களா என்று அதற்குத் தெரியாது. பார்க்காமல் விடுங்கள்.

வீட்டில் நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் டிரெய்னர் ஸ்டாண்டில் சைக்கிளை மாட்டி ஓட்டும்போது இந்த மீட்டர் வேலை செய்யுமா?

பின்சக்கரம்தானே சுற்றும்? சென்சாரை அங்கே கொண்டுபோனால் சிக்னல் எட்டாது. அதற்கு, போனோடு இணையும் ப்ளூடூத் சென்சார் தனியாக வாங்குவது ஒரு வழி.

பேட்டரி எப்போது மாற்றுவது?

பேட்டரி இரண்டு இருக்கிறது, பலர் சென்சாரில் இருப்பதை மறந்துவிடுவார்கள். வேகம் விட்டுவிட்டு வந்தால் முதலில் அதை மாற்றுங்கள். திரை மங்கினால் மீட்டரில் உள்ளது, பெரும்பாலும் சிஆர் 2032. அதைக் கழற்றினால் பல மாடல்களில் மொத்த தூரமும் சுற்றளவும் அழிந்துவிடும். என்னுடைய 4,300 கி.மீ. அப்படித்தான் போனது. இப்போதெல்லாம் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.