14 நகர்த்தலில் டிரா: பேசி வைத்த ஆட்டமா?

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 12 வயது. மாவட்டச் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில், தன்னைவிடக் கெட்டிக்காரப் பையனோடு கறுப்புக் காய்களில் ஆடி 14 நகர்த்தலில் டிரா செய்தான். 'பெர்லின்' என்ற தொடக்கத்தை ஆடினேன் என்கிறான். கடைசி நகர்த்தலை எழுதிவிட்டு, காயைத் தொடாமலே நடுவரைக் கூப்பிட்டானாம். "ரெண்டு பேரும் பேசி வைச்சிருப்பானுங்க" என்று ஒட்டுக்கடையில் யாரோ சொல்ல, என் கணவர் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆட்டத்தாளை இணைத்திருக்கிறேன்.
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: தாளைப் பார்த்தேன், அம்மா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளைகள் எழுதியதை அவர்களாலேயே வாசிக்க முடியாது!

பெர்லின் ஒன்றும் கோழைகளின் தொடக்கம் இல்லை. 2000-இல் லண்டனில் காஸ்பரோவிடமிருந்து உலகச் சாம்பியன் பட்டத்தைப் பறிக்க கிராம்னிக் கையில் எடுத்தது இதைத்தான். காஸ்பரோவ் வெள்ளையில் நான்கு முறை முட்டிப் பார்த்தார். நான்கும் டிரா.

அந்த ஆட்டங்களில் 6-ஆவது நகர்த்தலில் வெள்ளை பிஷப் சி6 என்ற கட்டத்தில் நிற்கும் குதிரையை வெட்டும். ராணிகள் இரண்டும் வெட்டுப்பட்டு, ஆட்டம் நீளும். உங்கள் மகனை எதிர்த்தவன் அதை விட்டுவிட்டு, டி4 சிப்பாயால் இ5-ஐ வெட்டியிருக்கிறான். கிராண்ட்மாஸ்டர்களே சீக்கிரம் வீடு போக நினைத்தால் பிடிக்கிற வழி அது. 10-ஆவது நகர்த்தல் முடியும்போது வெள்ளை ராணி டி4-இல், கறுப்பு ராணி டி6-இல், நேருக்கு நேர். வெள்ளை இ4-இலிருந்து செக் வைக்க, கறுப்பு தன் ராணியை இ6-இல் வைத்து மறைக்கிறது. வெள்ளை டி4-க்குத் திரும்பினால் கறுப்பும் டி6-க்கு. 10, 12-இல் வந்த அதே நிலை 14-இல் மூன்றாம் தரம் வரப்போகிறது; அப்படி மூன்று தரம் வந்தால் டிரா கேட்கலாம்.

பேசி வைத்தார்களா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் டிராவைத் தேடிப் போனது வெள்ளைதான். 12-இல்கூட இ6-இல் ராணியை வெட்டி ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கலாம். கோபம் வர வேண்டியது அந்தப் பையனின் அப்பாவுக்கு!

நடுவரைக் கூப்பிட்டானே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மூன்றாம் தரம் வரப்போகும் நகர்த்தலை எழுதி, நகர்த்தாமல், நடுவரிடம் டிரா கேட்க வேண்டும். ராணியை டி6-இல் வைத்துக் கடிகாரத்தையும் அமுக்கியிருந்தால், கேட்கும் உரிமை எதிராளிக்குப் போயிருக்கும். பெரியவர்களே தவறுகிற இடம் இது.

சரி, உங்கள் கணவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் காய்களோடு மகன் எதிரே உட்கார வையுங்கள். 10-ஆவது நகர்த்தலுக்குப் பிறகு வெள்ளை ஜெயிக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தால், எனக்கும் எழுதிப் போடச் சொல்லுங்கள்.