வாசகர் கேள்வி - பதில்: கடலுக்கடியில் கைவிளக்கு

கேள்வி: ஸ்கூபா அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டேன், அடுத்ததாக இரவு முக்குளிப்புக்குச் செல்லவிருக்கிறேன். 600 லூமென் முதல் 5,000 லூமென் வரை பலவகைக் கைவிளக்குகள் விற்கின்றன. லூமென் கூடுதலாக உள்ளதையே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவு மட்டுமே. அந்த ஒளி குவிந்து செல்கிறதா, பரந்து சிதறுகிறதா என்பதை அந்த எண் சொல்லாது. 1,000 லூமென் ஒளியை 10 பாகைக்குள் குவித்தால், கலங்கிய நீரிலும் பல மீட்டர் தொலைவில் உள்ள பாறை தெளிவாகத் தெரியும். அதே ஒளியை 120 பாகைக்குப் பரப்பினால் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவை மட்டும் மென்மையாக ஒளிபெறும். பரந்த ஒளி காணொளி எடுப்பவர்களுக்கானது. கலங்கிய நீரில் அதைக் கொண்டுசென்றால், மிதக்கும் துகள்கள் ஒவ்வொன்றும் ஒளியை நம் கண்ணுக்கே திருப்பியனுப்ப, பனிமூட்டத்தில் வண்டியின் முகப்பு விளக்கை முழுவீச்சில் எரியவிட்டதுபோல வெண்மை மட்டுமே எஞ்சும். ஆகவே முதல் விளக்கு குவிந்த ஒளியுடையதாக, 800 முதல் 1,000 லூமென் அளவில், ஒளியைக் குறைக்கும் வசதியுடன் இருக்கட்டும் என்பதே என் பரிந்துரை.

பகல் முக்குளிப்பிலும் இவ்விளக்கு பயன்படும். நீர் சிவப்பு நிறத்தையே முதலில் விழுங்குகிறது. முதல் 5 மீட்டருக்குள்ளேயே அதன் பெரும்பகுதி மறைந்துவிடும். 18 மீட்டர் ஆழத்தில் சாம்பல் கலந்த பழுப்பாகத் தெரியும் ஒரு கடற்பஞ்சின் மீது ஒரு முழ தூரத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். அது செக்கச்செவேலென்று மாறுவதை முதன்முறை கண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. விளக்கின் ஒளியும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். 3 மீட்டர் தள்ளி நின்றால், போக 3, வர 3 என 6 மீட்டர் நீரைக் கடப்பதற்குள் அதன் சிவப்பும் கரைந்துவிடும். நிறம் வேண்டுமானால் அருகில் செல்ல வேண்டும்.

எரியும் நேரத்தைப் பற்றிக் கேட்கும்போது, முழு ஒளியில் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பெட்டியில் அச்சிட்ட நேரம் பல சமயம் ஒளி படிப்படியாகக் குறைந்து மங்கும்வரையிலான கணக்காக இருக்கும். கையுறை அணிந்தபடியே பொத்தானை இயக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். இரவில் தனி பேட்டரியுடன் கூடிய சிறிய இரண்டாவது விளக்கு ஒன்று உடலில் மாட்டப்பட்டிருந்தே ஆக வேண்டும். முதல் விளக்கு அணைந்தால் இரண்டாவதை எரியவிட்டு, உடன் வருபவருக்குத் தெரிவித்து, முக்குளிப்பை அத்துடன் முடித்துக்கொள்வதுதான் முறை.

கேள்வி: என் விளக்கில் 100 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று எழுதியிருந்தது. ஆனால் 12 மீட்டரிலேயே தண்ணீர் புகுந்துவிட்டது. தரக்குறைவான பொருள்தானே?

பதில்: அப்படியும் இருக்கலாம், ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது, மூடியின் இடைவெளியில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத்தான். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் ஓ-ரிங்கை அதன் பள்ளத்தில் மேலும் இறுக அழுத்துவதால், சரியாகப் பொருந்தியிருந்தால் ஆழம் அதற்குத் துணையே செய்யும். குறைந்த ஆழத்திலேயே நீர் கசிந்தால், இடையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். என் விளக்கு ஒன்று இப்படித்தான் வீணானது: பிரித்துப் பார்த்தபோது ஓ-ரிங்கின் குறுக்கே அரை விரல் நீளத் தலைமுடி ஒன்று கிடந்தது. படகில் ஈரக்கையோடு அவசரமாகப் பேட்டரியை மாற்றியது என் பிழை.

அன்றிலிருந்து கரையிலேயே, நல்ல வெளிச்சத்தில், கைகளைத் துடைத்துக்கொண்டுதான் விளக்கைத் திறக்கிறேன். ஓ-ரிங்கை ஊசியால் நெம்பாமல், இரு விரல்களால் ஒருபுறம் தள்ளி, மேலெழும் வளைவைப் பிடித்துக் கழற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறலும் மணலும் விரல் நுனிக்குத் தட்டுப்படும் என்பதால், அதை விரலிடையே மெல்ல உருட்டிப் பாருங்கள். நூல் உதிராத துணியால் வளையத்தையும் பள்ளத்தையும் துடைத்தபின், தயாரிப்பாளர் குறிப்பிட்ட கிரீஸை வளையம் பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். நீரைத் தடுப்பது ரப்பர். கிரீஸ் அது வழுக்கிச் சென்று சரியாக அமர உதவுவது மட்டுமே. அப்பிவைத்தால் மணலைத்தான் ஈர்க்கும்.

கடலிலிருந்து வந்தவுடன் விளக்கைத் திறக்காமல் நன்னீரில் ஊறவிட்டு, உலர்த்தி, மூடும் பகுதி கீழ்நோக்கியிருக்கும்படி திறந்தால் தேங்கிய துளிகள் உள்ளே விழமாட்டா. நீருக்கு வெளியே முழு ஒளியில் எரியவிடாதீர்கள். எல்இடியின் வெப்பத்தைச் சுற்றியுள்ள நீரே வாங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்ட விளக்குகள் இவை.

தண்ணீர் புகுந்த உங்கள் விளக்கை எக்காரணம் கொண்டும் சார்ஜ் செய்யாதீர்கள். உப்புநீர் பட்ட லித்தியம் பேட்டரியிலிருந்து உள்ளே வாயு சேர்ந்து மூடி வேகமாகத் தெறிக்கக்கூடும். ஆகவே முகத்துக்கும் பிறருக்கும் எதிர்ப்புறமாகத் திருப்பி, மெல்ல மெல்லத் திறக்க வேண்டும். அந்தப் பேட்டரியைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது.

கேள்வி: இரவில் விளக்கால் எப்படிச் சைகை காட்டுவது?

பதில்: தரையில் ஒளியால் மெதுவாக வட்டமிட்டால் 'எல்லாம் சரி', பக்கவாட்டில் வேகமாக, அகலமாக ஆட்டினால் 'அவசரம்'. கையால் சைகை செய்ய வேண்டுமானால் உங்கள் கையின் மீதே ஒளியைக் காட்டுங்கள். எதிரில் உள்ளவரின் முகத்தில் அடித்துவிட்டால், இருளுக்குப் பழகிய அவர் கண்கள் மீண்டும் தெளிய பல நிமிடங்கள் ஆகும். இறங்குவதற்கு முன்பே இச்சைகைகளை உடன் வருபவரோடு ஒருமுறை பேசி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: உறங்கும் மீன்களுக்கு நம் விளக்கு தொல்லையாகாதா?

பதில்: ஆகும். கிளிமீன்களில் சில வகைகள் தம்மைச் சுற்றி வழவழப்பான உறையொன்றைச் சுரந்து அதனுள் உறங்குகின்றன. முழு ஒளியில் திடுக்கிட்டு விழித்தால் உறையைக் கிழித்துக்கொண்டு இருளில் பாறையில் மோதும். ஒளியைக் குறைத்து, ஒளிவட்டத்தின் நடுப்பகுதி அதன்மேல் படாமல் ஓரத்தின் மங்கலில் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கடலின் தன்னொளிரும் நுண்ணுயிர்களைக் காணவும் விளக்கை அணைக்க வேண்டியதில்லை. குறைந்த ஒளியில் வைத்து, அதன் முகப்பை மார்போடு அழுத்திக்கொண்டு மறுகையை நீரில் அசைத்தாலே பொறிகள் எழும். இருளில் பொத்தானைத் தேடித் தடுமாறும் நிலையும் வராது.