அலுமினிய ஹெட், காஸ்ட் அயன் புளொக்: நடுவில எந்தக் கேஸ்கட்?

கேள்வி: அண்ணை, என்ர டொயோட்டா டொல்பின் வான், '3எல்' மொடல் டீசல் எஞ்சின், பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தி இறக்கிறனான். தண்ணி கொதிச்சு ஹெட் கேஸ்கட் (எஞ்சின்ர மேல்மூடி ஹெட்டுக்கும் கீழ்ப்பகுதி புளொக்குக்கும் நடுவில வைக்கிற அடைப்புத் தகடு) போய், ஹெட்டைச் சீவிப் புதுசு போட்டது, 7 மாசம் போகேல்லை, திரும்பவும் ரேடியேற்றருக்குள்ள காத்துக் குமிழி வருது. இப்ப முழு எஞ்சினும் இறக்கிச் செய்யப்போறன். கடையில 3 விதம் காட்டுறாங்கள், இரும்புத் தகடு அடுக்கினது, கறுப்பு கிராஃபைட், மற்றது செம்பு. விலை கூடினதைப் போட்டால் நிக்குமோ?
– ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: தம்பி, விலைக்கு முதல் ஒரு வேலை செய்யுங்கோ, கழட்டிற கேஸ்கட்டை எறிஞ்சு போடாமல் வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ. சிலிண்டரைச் சுத்தியிருக்கிற வளையத்திலயிருந்து தண்ணி ஓட்டைப் பக்கமாக் கரிக்கோடு போயிருந்தால் காத்துப் போன வழி அதுதான். ஹெட் இருந்த பக்கம் கறுப்புத் தோல் ஒரே திசையில இழுபட்டு உரிஞ்சிருந்தால் ஹெட் நகர்ந்து நகர்ந்து அதை அரைச்சிருக்கு.

ஏன் நகருது எண்டால் உங்கட புளொக் காஸ்ட் அயன், ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட 2 மடங்கு விரியும். அரை மீற்றர் நீள ஹெட் எண்டு வையுங்கோ, காலமை 30 பாகையில ஸ்டார்ட் பண்ணி 90 பாகைக்கு வரேக்குள்ள ஹெட் ஏறத்தாழ 0.7 மில்லிமீற்றர் நீளும், புளொக் அதில பாதிதான். மிச்சம் முழுக்கக் கேஸ்கட்டில உரசுப்படும், நீங்கள் காலமை ஒருக்கா மத்தியானம் ஒருக்கா ஓடி ஆறவிடுறியள், அப்ப நாளுக்கு 2 தரம். ஆகவே காத்தைப் பிடிக்கிறது மட்டும் காணாது, வழுக்கியும் குடுக்கவேணும்.

அதுக்கு நல்லது தகடு அடுக்கினதுதான், எம்எல்எஸ் எண்டுறது. ஸ்பிரிங் மாதிரியான இரும்புத் தகடுகள், வெளித்தோலில மெல்லிய றப்பர் பூச்சு, ஹெட் நகர்ந்தாலும் கிழியாது. ஆனா அது முகம் பாக்கும். ஹெட்டின்ரயும் புளொக்கின்ரயும் முகத்துச் சொரசொரப்பு 0.8 மைக்ரோனுக்கு (மைக்ரோன் எண்டால் மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒண்டு) மேல போகாமல் வழுவழுப்பா இருக்கவேணும். நகத்தைக் குறுக்கால இழுத்துப் பாருங்கோ, லேத் வரி தட்டுப்பட்டால் அந்தக் கேஸ்கட்டை வாங்காதேங்கோ, எவ்வளவு விலை குடுத்தாலும் தண்ணி கசியும். ஹெட்டை மட்டும் சீவி புளொக்கை அப்பிடியே விடுறதும் பிழை. அந்தளவு வழுவழுப்பா எடுத்துத் தர உங்கட பக்கத்து லேத்தால ஏலாட்டி, நடுவில இரும்புத் தகடும் மேல ஒட்டாத பூச்சும் உள்ள கிராஃபைட்டைப் போடுங்கோ, அது கொஞ்சம் சொரசொரப்பைப் பொறுக்கும். செம்பு வேண்டாம் தம்பி, அது ரேஸ் எஞ்சினுக்கு, சிலிண்டரைச் சுத்திக் காடி வெட்டி வளையம் பூட்டாட்டிச் சரியாப் பிடிக்காது, தண்ணிக்கு வேற பசை பூசவேணும்.

புளொக்கைச் சீவினால் பிஸ்டன் மேல கூட எழும்பும், டீசலில அந்த உயரத்தை டயல் கேஜ்ஜால (முள்ளுக் காட்டுற அளவுக்கருவி) அளந்துதான் கேஸ்கட் தடிப்பை எடுக்கிறது. பழைய கறுப்பை எமரி டிஸ்க் பிடிச்சுச் சுரண்ட விடாதேங்கோ, ரெண்டு நிமிசத்தில அலுமினியத்தில பள்ளம் விழும், அந்தத் தூள் பெயரிங்குக்குள்ளயும் போகும். போல்ட் ஓட்டையளில எண்ணையோ தண்ணியோ நிண்டால் ஊதி எடுங்கோ, அடி மூடின ஓட்டையெண்டால் இறுக்கேக்குள்ள புளொக்கே வெடிக்கலாம். இறுக்கிறது நடுவில தொடங்கி வெளிப்பக்கமா, படிப்படியா, எவ்வளவு இறுகுது எண்டு காட்டுற டோர்க் றெஞ்ச் வைச்சு.

வடக்குக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில, 1990களில, மண்ணெண்ணையில கார் ஓட்டின நாங்கள் பழைய கேஸ்கட்டையே துடைச்சுப் பசை பூசித் திரும்பப் போட்டு ஓடினம். அது ஓடினது, ஏனெண்டால் அந்த மொறிஸ் மைனருக்கு ஹெட்டும் இரும்பு, புளொக்கும் இரும்பு, ரெண்டும் ஒண்டா விரிஞ்சு ஒண்டா ஆறும். அந்தக் கைப்பழக்கத்தை அலுமினிய ஹெட்டில காட்டுறதாலதான் இப்ப கனபேற்ற வான் திரும்பத் திரும்பக் கராச்சுக்கு வருது, பாக்க எனக்கு மனவருத்தமாக் கிடக்கு.

கேள்வி: மஸி பெர்குசன் 135 ட்ரக்டருக்கும் எம்எல்எஸ் தேடவேணுமோ?
– மல்லாவி வாசகர்

பதில்: தேவையில்லை ஐயா. அந்த 3 சிலிண்டர் பேர்கின்ஸ் டீசலுக்கு ரெண்டும் காஸ்ட் அயன், அதுக்கெண்டு வாற சாதாரண கேஸ்கட்டே போதும். கொஞ்ச நேரம் ஓடி ஆறினாப் பிறகு ஹெட் போல்ட்டைத் திரும்ப இறுக்கச் சொல்லியிருந்தால் அதை மட்டும் தவறவிடாதேங்கோ.

கேள்வி: ரேடியேற்றருக்கு விடுற கூலன்ற் விலை, கிணத்துத் தண்ணி விட்டால் என்ன?
– புளியங்குளம் வாசகர்

பதில்: எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணி கல்லுத்தண்ணி, கேத்திலின்ர அடியில படியிற வெள்ளையைப் பாருங்கோ, அதே வெள்ளைதான் ஹெட்டுக்குள்ளயும் படிஞ்சு சூட்டைப் போகவிடாது. அதைவிட அலுமினியமும் இரும்பும் ஒரே தண்ணிக்குள்ள நிண்டால் அலுமினியம்தான் அரிக்கும், தண்ணி ஓட்டை விளிம்பு பூச்சி அரிச்ச மாதிரி வந்தாப் பிறகு எந்தக் கேஸ்கட்டும் அந்த இடத்தில பிடிக்காது. மழைத்தண்ணியில கல்லு இல்லை, ஆனா அரிப்பைத் தடுக்கிற மருந்தும் இல்லை. கூலன்ற் பாதி, பற்றிக்கு விடுற வடிச்ச தண்ணி பாதி கலந்து விடுங்கோ.