தாராபுரம் பக்கம் எரிநட்சத்திர மழை தெரியுமா? அடுத்த சூரிய கிரகணம் எப்போது?

தோட்டத்தில் இருந்தே தாராளமாகப் பார்க்கலாம். மார்கழி பிறப்பதற்குச் சற்று முன், டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் என்ற எரிநட்சத்திர மழை பொழியும். களத்துமேட்டில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு மல்லாந்து படுங்கள். மோட்டார் ரூம் விளக்கை அணைத்து, இருபது நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக விடுங்கள். செல்போனை எடுக்கவே கூடாது. இரவு இரண்டு மணிவாக்கில், இவை கிளம்புவதுபோலத் தெரியும் மிதுன நட்சத்திரக் கூட்டம் உச்சிக்கு வரும், அப்போதுதான் அதிகம் விழும். 2026-ல் நிலா முன்னிரவிலேயே மறைந்துவிடும், அருமையான வாய்ப்பு.

அப்புறம் நம் ஊரில் தெரியும் அடுத்த சூரிய கிரகணம்: 2027 ஆகஸ்ட் 2 மாலை. நமக்குப் பகுதி கிரகணம்தான். 2019 டிசம்பர் 26 காலை கோவை, ஈரோட்டில் தெரிந்த நெருப்பு வளையம் இருக்காது. கிரகணக் கண்ணாடி கட்டாயம், எக்ஸ்ரே பிலிம் வேண்டவே வேண்டாம். கண்ணாடி இல்லையா? வேப்பமரத்தடியைப் பாருங்கள்: இலை இடுக்கில் விழும் வெளிச்சப் புள்ளி ஒவ்வொன்றும் கடித்த அப்பம்போல இருக்கும்.